காலில் பட்ட வாள்

அளவு கொடுக்க வரும் பெண்கள் எல்லோரும் என் முன்னால் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டுதான் நிற்பார்கள். "அக்கா, இடுப்பிலை கொஞ்சம் பிடிச்சுத் தையுங்கோ" என்பார்கள். பிடித்துத் தைத்தால் கலியாணச் சாப்பாட்டோடு கொக்கி தெறிக்கும். அதற்கும் என்னைத்தான் ஏசுவார்கள். பாரிஸில் லா சப்பேல் பகுதியில் ஒரு சேலைக் கடையின் பின் அறையில் இருந்து பிளவுஸ் தைப்பது என் தொழில். வயிற்றை மறைத்துக் கொடுப்பது அதில் பாதி வேலை. ஆகவே, வெள்ளை முடியைக் கட்டையாக வெட்டியிருந்த ஒரு பிரெஞ்சுப் பெண்மணி ஒரு நாள் கடைக்குள் வந்து, ஆண்களுக்குச் சட்டை தைக்க வேண்டும், வயிற்றுப் பக்கம் பஞ்சு அடைத்துத் தொந்தி மாதிரித் தள்ளிக்கொண்டு நிற்க வேண்டும் என்று கேட்டபோது, பாவம், இவருக்கு ஏதோ சுகமில்லை என்று நினைத்தேன்.

அவருக்கு ஒன்றும் இல்லை. எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் நகரசபை உடற்பயிற்சிக் கூடத்தில், ஜிம்னாஸில், பழங்கால வாள்சண்டை பழக்குகிறவர் அவர். வாள் பழக்குகிறவரை இங்கே ஆணோ பெண்ணோ 'மேத்ர்' என்றுதான் கூப்பிடுவார்கள். நானூறு வருடங்களுக்கும் முந்திய இங்கிலாந்தில், முதலாம் எலிசபெத் அரசி இருந்த காலத்தில், லண்டன் ஆட்கள் எப்படிச் சண்டை பிடித்தார்களோ அப்படியே பழகி, அந்தக் காலத்து உடுப்பையும் போட்டுக்கொண்டு விழாக்களில் செய்து காட்டுவது அவர்களுடைய பொழுதுபோக்கு. அந்தக் காலத்துக் கனவான்கள் தொந்தியைத்தான் அழகு என்று நினைத்தார்களாம். இல்லாதவர்கள் சட்டைக்குள் பஞ்சும் கந்தலும் அடைத்து வயிற்றை வரவழைப்பார்களாம். அந்தக் காலத்தில் நான் லண்டனில் கடை போட்டிருந்தால், ஒருத்தராவது மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் நின்றிருக்க மாட்டார்.

சட்டைகளைத் தைத்துக்கொண்டு போட்டுப் பார்க்க ஜிம்னாஸுக்குப் போனேன். எல்லாம் அளவாக இருந்தது. கையைத் தூக்கினால் மட்டும் சட்டை முழுவதும் கழுத்துவரை ஏறி வந்தது. பிளவுஸ் போடுகிறவள் கையைத் தூக்கினால் தலைமுடியைத்தான் சரி செய்வாள். இவர்கள் ஆளைக் குத்தக் கையை நீட்டுகிறார்கள். கைக்குழியை எங்கே விடுவது என்று நான் குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டு யோசிக்க, மேத்ர் ஒரு வாளை என் கையில் தந்து, "நீங்களே சட்டையைப் போடுங்கள், நீங்களே நீட்டிப் பாருங்கள்" என்றார். ரப்பியேர் என்று சொல்கிற வாள் அது. ஒல்லி, நீளம், வெட்டுவதைவிடக் குத்துவதற்கென்றே செய்தது. நீட்டினேன். சட்டை எங்கே இழுக்கிறது என்று உடனே விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் வாளைக் கீழே வைக்க மனம் வரவில்லை. இன்னொரு தரம் நீட்டினேன். எனக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது. அடுத்த கிழமை நான் அளவு நாடா இல்லாமல் போனேன்.

என்னைக் கட்டிய என் மனிதர் ஒரு உணவகத்தில் சமையல்காரர். நாங்கள் இருப்பது பாரிஸுக்கு வெளியே, கார்ஜ் லே கொனெஸில். விஷயத்தை அவரிடம் ரெயினில் வரும்போது சொன்னேன். ரெயினில் என்றால் அவர் சத்தம் போட மாட்டார்.

"உனக்கென்ன விசரே?" என்றார் மெதுவாக. "உந்த வயதிலை மற்றாக்கள் யோகாவுக்குப் போகினம்."

"யோகாவிலை ஒருத்தரையும் குத்தேலாது" என்றேன்.

கடைக்கு வருகிற பெண்கள் வேறு விதம். "சிலம்பமோ அக்கா?" என்று கேட்டார்கள். சிலம்பம் இல்லை என்றால் "கராத்தேயோ?" என்றார்கள். ஒரு வயதான அம்மா மட்டும், "வீட்டிலை ஏதும் பிரச்சினையோ பிள்ளை?" என்று காதுக்குள் கேட்டார். நான் விளக்கம் சொல்லத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன் என்பது அவர்களுக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அளவு நாடா என் கையில், அவர்கள் இடுப்பு நாடாவுக்குள். எங்கே ஓடுவது?

சொல்வதற்கு விஷயமும் இருந்தது. அந்தக் காலத்தில் இந்த ரப்பியேர் இத்தாலியிலிருந்து வந்து இறங்கியதும் லண்டன் இளந்தாரிகளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. யாருடைய வாள் நீளம் என்று போட்டி. தெருவில் திரும்பினால் பின்னால் வருகிறவனின் முழங்காலில் குத்தும். குட்டை வாளும் சின்னக் கேடயமுமாகப் பழகிய பழைய ஆட்கள், இதெல்லாம் ஒரு வாளா, எங்கள் காலத்தில் நேருக்கு நேர் நின்று வெட்டினோம் என்று புறுபுறுத்தார்கள். கடைசியில் அரசி ஓர் அளவு போட்டு ஆணை பிறப்பித்தார். நகரத்து வாசலில் ஆட்கள் நின்று வாளை அளப்பார்கள். அளவுக்கு மிஞ்சினால் நுனியை முறித்துவிடுவார்கள். கழுத்தில் போடும் மடிப்பு வளையத்தையும் அளப்பார்கள். அகலம் கூடினால் கத்தரிப்பார்கள். அளவு நாடாவை வைத்து நாட்டை ஆண்ட ஒரு பெண்ணை எனக்குப் பிடிக்காமல் போகுமா?

அந்தக் கழுத்து வளையங்களையும் நான்தான் தைத்தேன். மடிப்பு விறைத்து நிற்க என்ன செய்வது என்று அவர்கள் கடையில் விற்கும் புட்டிகளை எல்லாம் தெளித்துப் பார்த்துத் தோற்றுப்போயிருந்தார்கள். நான் வீட்டில் நூல் சேலைக்குப் போடுகிற மாதிரிச் சோற்றுக் கஞ்சி போட்டுக் காய வைத்துக் கொண்டுபோனேன். வளையம் தட்டு மாதிரி நின்றது. மழை தூறினால் மட்டும் லேசாகச் சோற்று மணம் வரும்.

எல்லாமே எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். வாள்சண்டை பார்த்த அதே சனம் அடுத்த நாள் கரடியைக் கட்டி வைத்து நாயை ஏவிவிட்டுப் பார்த்துக் கைதட்டியது என்று மேத்ர் சொன்னபோது எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. நானூறு வருடத்துக்கு முந்திய கோபத்தை யாரிடம் காட்டுவது? அன்றைக்கு எனக்கு எதிரே நின்றவர் நாலு குத்து அதிகமாக வாங்கினார்.

அப்படி வாங்கியவர் பெரும்பாலும் பாண்டிச்சேரி அண்ணைதான். பொபினியில் ஏதோ அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிறிஸ்தவர், மூன்று தலைமுறையாகப் பிரெஞ்சுக் குடியுரிமை. மீசையை அளந்து வெட்டியிருப்பார். என்னை 'மதாம்' என்று கூப்பிடுவார். நான் அவரை அண்ணை என்பேன். வாள்சண்டையில் அவர் எனக்கு ஒரு வருடம் மூப்பு. அந்த ஒரு வருடத்தை ஒரு நாளும் மறக்க விட மாட்டார்.

"என்னங்க மதாம், கை வலிக்குதா? ரித்ரேத் ஆன ஆளே நிக்கிறேன், நீங்க மூச்சு வாங்குறீங்க" என்பார்.

"காலமை ஏழு பிளவுஸ் தைச்சுப்போட்டு வந்திருக்கிறன் அண்ணை. நீங்கள் கோப்பி குடிச்சுப்போட்டு வந்திருக்கிறியள்."

பிரெஞ்சுக்காரர்கள் மரியாதையாக மௌனமாகக் குத்திக்கொள்வார்கள். நாங்கள் இரண்டு பேரும் இரண்டு தமிழில் வாயாடிக்கொண்டே குத்துவோம். மேத்ர் பலமுறை "அங்கே மௌனம்!" என்று கத்திப் பார்த்துக் கைவிட்டார்.

இரண்டாம் வருடம் வசந்த காலத்தில்தான் இங்கிலாந்துப் பேச்சு வந்தது. ஜூலையில் அங்கே ஒரு பழைய மாளிகைத் தோட்டத்தில் எலிசபெத் காலத்து விழா. அம்பு எய்தல், மரப்பந்து உருட்டல், கம்பத்தைச் சுற்றி நடனம், நடுவில் மேடை போட்டு வாள்சண்டை. எங்கள் கூட்டத்தையும் அழைத்திருந்தார்கள். கூட்டம் போகும் வான் வண்டியில் ஓர் இடம் மிச்சம் இருந்தது. அந்த இடத்தை நான் விரும்பிய அளவு என் வாழ்க்கையில் வேறு எதையும் விரும்பியதாக ஞாபகம் இல்லை.

இங்கிலாந்துக்கு நான் போகாதவள் இல்லை. எத்தனையோ தரம் போயிருக்கிறேன். கலியாணம், சாமத்தியவீடு, பிள்ளைக்கு மொட்டை, யாருக்காவது அறுபது. விடியப் புறப்பட்டு, ஒரு மண்டபத்துக்குள் போய், பின்னேரம் அதே மண்டபத்திலிருந்து வெளியே வந்து, யார் வீட்டிலாவது தரையில் படுத்து, அடுத்த நாள் மிச்சப் பலகாரத்தோடு திரும்பி வருவேன். போகிற ஒவ்வொரு தரமும் நான் யாருக்காவது மாமி, யாருக்காவது சித்தி, யாருடையதாவது பெண்சாதி. பரிசுக் கவரோடு போகாமல், என்னுடைய காரியமாக, என் வாளைத் தூக்கிக்கொண்டு ஒரே ஒரு தரம் போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சொன்னால் சின்ன ஆசை. உள்ளே அது பெரிதாக இருந்தது.

ஆனால் ஒரு நிபந்தனை. அங்கே மேடை ஏறுகிறவர்கள் தேர்வுச் சண்டையில் வென்றிருக்க வேண்டும். எலிசபெத் காலத்து லண்டனில் வாள் பழகுகிறவர்கள் பரீட்சையைக் கூட்டத்துக்கு நடுவில்தான் எடுத்தார்கள். முரசு அடித்து ஊர்வலமாகத் தெருவில் போய், சத்திரத்து முற்றத்தில் மேடை போட்டு, யார் எதிர்த்து வந்தாலும் பின்வாங்காமல் ஓர் ஆயுதம் மாற்றி ஓர் ஆயுதமாகச் சண்டை பிடித்துக் காட்ட வேண்டும். மாணவர் என்ற நிலையிலிருந்து அடுத்த படிக்கு ஏற வேறு வழியில்லை. பார்க்கிற சனம் மீன் விற்கிறவர், கசாப்புக் கடைக்காரர், செருப்புத் தைப்பவர் என்று எல்லாரும். பிடித்தால் ஆரவாரம், பிடிக்காவிட்டால் வசை. அதே மாதிரித்தான் எங்கள் கூட்டத்திலும். மேத்ர் என் தேர்வுச் சண்டையை ஜூன் மாதம் எங்கள் பகுதியில் நடக்கும் தெருவிழாவில் வைப்பதாகச் சொன்னார்.

தெருவிழா என்றால் லா சப்பேல் முழுவதும் வரும். நான் கடையில் அடித்துவிட்ட பெருமை கொஞ்சமா? இடுப்பு அளந்த அத்தனை பேரும் வந்து நிற்பார்களே.

வந்தார்கள். சேலைக் கடைக்காரர்கள், மரக்கறிக் கடைக்காரர்கள், எபினேயிலிருந்து ரெயின் பிடித்து வந்த என் பழைய வாடிக்கையாளர்கள், வீட்டில் பிரச்சினையோ என்று கேட்ட அம்மா. என் மனிதரும் இருந்தார், ஆனால் எனக்காக இல்லை. விழாவில் ரோல்ஸ் பொரித்து விற்க அவரைப் பிடித்திருந்தார்கள். மேடைக்கு எதிரே, எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால், கவசம் மாதிரி ஒரு மேலாடையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் முரசுச் சத்தத்துக்குப் பின்னால், தொந்தி வைத்த சட்டையும் பொம்மிய அரைக் காற்சட்டையும் கஞ்சி போட்ட கழுத்து வளையமுமாக அவர் முன்னால் ஊர்வலம் போனபோது, அவர் குனிந்து மிகக் கவனமாக ரோல்ஸைப் புரட்டினார்.

முதல் சண்டை குட்டை வாளும் சின்னக் கேடயமும். எதிரே நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு பல்கலைக்கழக மாணவன். அவனுடைய கை அளவு எனக்குத் தெரியும். நான்தானே அவனுக்குச் சட்டை தைத்தேன். நீட்டினால் எங்கே வந்து முடியும் என்று தெரிந்து, அதற்கு ஒரு விரல் தள்ளி நின்றேன். அவன் எட்டாமல் தவிக்கும்போது நான் உள்ளே புகுந்தேன். வென்றேன். "அக்கா!" என்று ஒரு பக்கமிருந்து கூக்குரல் வந்தது. கும்மியடிக்காத குறை.

இரண்டாவது சண்டைதான் முடிவான சண்டை. வலக்கையில் ரப்பியேர், இடக்கையில் குத்துவாள். எதிரே பாண்டிச்சேரி அண்ணை. முதலில் மூன்று தரம் தொடுகிறவருக்கு வெற்றி. மேத்ர் ஒரு புது விஷயமும் அறிவித்தார். ஜிம்னாஸில் யாருடைய வாளாவது கீழே விழுந்தால் சண்டையை நிறுத்துவோம். இன்றைக்கு நிறுத்த மாட்டோம், அந்தக் காலத்தில் யாரும் நிறுத்தவில்லை. விழுந்த வாளை எதிராளி எடுக்காதபடி காலால் மிதித்துப் பிடிப்பதும் அனுமதி.

"மதாம், இன்னைக்கு வாய் கிடையாது, வாள் மட்டும்தான்" என்றார் அண்ணை.

"நீங்கள்தான் கதைக்கிறியள்" என்றேன். முகமூடிகளை இழுத்துவிட்டோம்.

அன்றைக்கு நான் நன்றாகத்தான் ஆடினேன். பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். முதல் தொடுகை என்னுடையது, தோளில். இரண்டாவது அவருடையது. மூன்றாவது மீண்டும் என்னுடையது, பஞ்சு அடைத்த தொந்தியின் நடுவில், நான் தைத்த பொத்தானுக்கு மேலே. இன்னும் ஒன்றுதான். அவர் வேகமாக உள்ளே வந்தார். நான் குத்துவாளால் அவர் வாளைத் தடுத்து, என் வாளால் ஓங்கித் தட்டினேன். ரப்பியேர் அவர் கையிலிருந்து நழுவி மேடைப் பலகையில் விழுந்தது. அவரிடம் மிச்சம் அந்தச் சின்னக் குத்துவாள் மட்டும். நான் ஓர் அடி முன்னே வைத்தேன். என் கால் அவர் வாளில் பட்டது.

அவ்வளவுதான். பட்ட கணமே என் உடம்பு என்னைக் கேட்காமல் ஒரு வேலை செய்தது. என் வாளை இடக்கைக்கு மாற்றி, குத்துவாளோடு சேர்த்துப் பிடித்து, பதறிப்போய்க் குனிந்து, காலில் பட்ட வாளை வலக்கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றப்போனேன். கை முகமூடிக் கம்பியில் 'டங்' என்று முட்டியது. அப்போதுதான் நான் எங்கே நிற்கிறேன் என்று ஞாபகம் வந்தது. அதற்குள் என் பிடரியில் குத்துவாள் நுனி மெதுவாக, மிக மரியாதையாக ஒரு தட்டுத் தட்டியது.

பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்குத் தலைசுற்றிவிட்டது என்று நினைத்து ஒருத்தர் தண்ணீர்ப் போத்தலோடு ஓடிவந்தார். எங்கள் ஆட்களுக்கு விளங்கிவிட்டது. விளங்கிய கையோடு வெடித்தார்கள்.

"உதென்ன நியாயம்? கும்பிடேக்கை அடிக்கிறதோ?"

"ஆம்பிளையோ நீர்?"

"கிறிஸ்தவர் எண்டாலும் ஒரு இது வேண்டாமோ!"

அண்ணை முகமூடியைத் தூக்கிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார். "அம்மா, ரெக்லமோன்னா ரெக்லமோன் தாங்க, விதின்னா விதிதான்! நிறுத்தக் கூடாதுன்னு அவங்கதானே சொன்னாங்க!" என்று மேத்ரைக் காட்டினார். மேத்ர் என்னிடம் வந்து, ஏன் குனிந்தீர்கள், காலில் அடிபட்டதா என்று கேட்டார். எப்படிச் சொல்வேன்? கடையில் கத்தரிக்கோல் காலில் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறேன். நாடா பட்டாலும், நூல்கட்டை பட்டாலும். சரஸ்வதி பூசைக்குத் தையல் மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறேன். வேலை செய்கிற ஆயுதத்தைக் காலால் மிதிக்கக் கூடாது, பட்டுவிட்டால் மன்னிப்புக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். மூச்சு வாங்க வாங்கப் பிரெஞ்சில் சொன்னேன். மேத்ர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். பிறகு கையை உயர்த்தி, "தொடுகை செல்லும். இரண்டுக்கு இரண்டு" என்றார். எனக்கு அழுகை முட்டியது. வான் எனக்கு முன்னாலேயே கதவைச் சாத்திக்கொண்டு போவது மாதிரி இருந்தது.

கடைசித் தொடுகைக்கு நின்றோம். கொஞ்ச நேரம் இருவரும் வட்டமடித்தோம். அண்ணையின் வாள் என் வாளை மெதுவாகத் தொட்டது, விலகியது. பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். கையை விரித்து, ரப்பியேரைத் தானாகவே கீழே விட்டார். சரியாக எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், குறுக்காக. இரண்டு அடி பின்னால் போய்க் குத்துவாளோடு நின்றார். முகமூடிக்குள் அவர் மீசை சிரிப்பது எனக்குத் தெரிந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் 'ஓ' என்றார்கள். வாள் தவறிவிட்டது என்று அவர்களுக்கு எண்ணம். எங்கள் பக்கத்தில் சத்தமே இல்லை. இந்த மனிதரும் தமிழர்தானே, அவருக்குத் தெரியாததா? மிதித்தால் நான் குனிவேன். மிதிக்காமல் போகக் கடக்க வேண்டும். வாளைத் தாண்டுவது மிதிப்பதைவிடப் பெரிய பிழை. சுற்றிப் போனால் பக்கவாட்டில் அவர் காத்திருக்கிறார். பாண்டிச்சேரி மூளை! எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது.

"தாண்டாதை பிள்ளை, தாண்டாதை!" என்று அந்த வயதான அம்மாவின் குரல்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். எண்ணெய்ச் சட்டி சடசடத்தது. அப்போது எனக்கு ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் முதலில் கேட்க வேண்டும் என்று யார் சொன்னது? நான்தான் இத்தனை காலமும் எதற்கும் முதலில் குனிந்து பழகிவிட்டேன். வாள் எங்கே போகப்போகிறது? ஒரு நொடி பொறுத்துக்கொள்ளாதா?

"மிதியப்பா! மிதி!"

என் மனிதரின் குரல் அது. ரோல்ஸ் கடைக்குப் பின்னாலிருந்து, கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, லா சப்பேல் முழுவதும் கேட்கக் கத்தினார். தான் சொல்லித்தான் நான் மிதித்தேன் என்று இன்றைக்கும் எல்லா வீட்டிலும் சொல்லித் திரிகிறார். அந்தக் குரல் வரும்போது என் கால் ஏற்கெனவே வாளின்மேல் இருந்தது. இதை நான் எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன், எழுதிவிட்டேன்.

வாளை அழுத்தி மிதித்தேன். அண்ணையின் கண்கள் என் கையைப் பார்க்கவில்லை. நான் குனியப்போகிறேன் என்று என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனியவில்லை. கையை நீட்டினேன், முதல் நாள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நீட்டிய அதே சந்தோஷத்தோடு. நுனி அவர் நெஞ்சின் நடுவில் போய் நின்றது, வாள் வில்லாக வளைந்தது. மேத்ர் கையை உயர்த்தும்வரை அப்படியே நின்றேன். உயர்த்தினார். அதன் பிறகுதான், அவசரப்படாமல், முகமூடியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்தேன். வாளைத் தொட்டேன். இரண்டு கண்ணிலும் ஒற்றினேன். இந்தத் தரம் கம்பி இல்லை.

அதன் பிறகு எழுந்த சத்தத்தை எப்படிச் சொல்வது? சேலைக் கடைக்காரர்கள் கைதட்டினார்கள், முரசு அடித்தது, பிரெஞ்சுப் பிள்ளைகள் ஒன்றும் விளங்காமலே துள்ளின. "அது சரி. கும்பிட்டிட்டாள்தானே" என்று அந்த அம்மா பக்கத்திலிருந்தவர்களுக்குத் தீர்ப்புச் சொன்னார். அண்ணை நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்தார்.

"என்னங்க மதாம், நம்ம வாளை இப்படி மிதிச்சிட்டீங்க. ஒரு மன்னிப்புக்கூடக் கிடையாதா?"

"கேட்டிட்டன் அண்ணை. உங்களிட்டை இல்லை, வாளிட்டை."

அவர் மேடையிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மேத்ர் என் கையைத் தூக்கிப் பிடித்து, இந்தப் பெண் இனி வெறும் மாணவி இல்லை, ஜூலையில் எங்களோடு இங்கிலாந்து மேடையில் ஏறுகிறார் என்று அறிவித்தார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி பஞ்சுத் தொந்தியோடு மேடையில் துள்ளினாள் என்று யாராவது சொன்னால் நம்புங்கள்.

கூட்டம் கலைந்த பிறகு என் மனிதர் மேடை ஓரத்துக்கு வந்தார். மேலாடையில் எண்ணெய், கையில் ஒரு தட்டு, தட்டில் கருகிப்போன நாலு ரோல்ஸ். விற்க முடியாததை எனக்குக் கொண்டுவந்திருந்தார். நான் மேடை விளிம்பில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து தின்றேன். கசந்தது, நல்ல பசியாகவும் இருந்தது. அவர் என் வாளை எடுத்துப் பார்த்தார், பாரத்தைப் பார்த்தார், மெதுவாகப் பக்கத்தில் வைத்தார்.

"எத்தினை நாள் போறாய்?" என்றார்.

"நாலு நாள்."

மேலாடை நுனியால் கையைத் துடைத்தார். துடைத்த கையை மறுபடியும் துடைத்தார்.

"வானுக்குள்ளை இடமில்லையெண்டு தெரியும்" என்றார். "நான் ரெயின் எடுத்து வரலாம். லீவும் கேட்டால் தருவினம். சும்மா, கூட்டத்துக்குள்ளை ஒரு ஓரமா நிண்டு பாக்கிறன். நானும் வரட்டோ?"

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் என்னிடம் 'வரட்டோ' என்று கேட்டது அதுதான் முதல் தடவை. வாயில் இருந்த ரோல்ஸை நிதானமாக மென்று விழுங்கினேன்.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன்.